கணக்கில் வராத ஆட்டங்கள்

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பேஸ்பாலின் தலைசிறந்த மட்டையாளர் என்று பதிவேடுகளில் முதலிடத்தில் இருந்தவர் டை காப். 2024 மே மாதக் கடைசியில் அவர் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். காப் இறந்தது 1961இல். அவரைக் கீழே இறக்கிய ஜோஷ் கிப்சனோ அதற்கும் 14 ஆண்டுகள் முன்பே, 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனவர். இருவரும் ஒரே லீகில் ஆடியதில்லை. கிப்சனை ஆட விட்டிருக்கவும் மாட்டார்கள். காப் வெள்ளையர், கிப்சன் கறுப்பர்.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்குச் சராசரி என்றதும் பிராட்மனின் 99.94 ஞாபகம் வரும். பேஸ்பால் சராசரி வேறு ஜாதி. பந்தை அடித்துவிட்டு ஓடி, ஆட்டமிழக்காமல் தளத்தைப் பத்திரமாகத் தொட்டால் அது ஒரு ஹிட். மட்டை பிடித்த வாய்ப்புகளால் ஹிட்களை வகுத்தால் சராசரி. பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடிப்பவர் நட்சத்திரம். ஏழு முறை தோற்பவருக்குச் சிலை வைக்கும் ஆட்டம் இது. காப்பின் வாழ்நாள் சராசரி 0.367. மேஜர் லீக் பேஸ்பால் நிர்வாகம் அன்று அறிவித்த கிப்சனின் சராசரி 0.372. ஒரே பருவத்தில் மிக அதிகச் சராசரி என்ற சாதனையும் அவருக்கே போனது: 1943இல் 0.466. ஹியூ டஃபி 1894இல் எடுத்த 0.440 அதுவரை அந்த இடத்தில் இருந்தது. ஒவ்வொரு வாய்ப்புக்கும் எத்தனை தளம் கடந்தார் என்று அளக்கும் கணக்கில் பேப் ரூத்தின் 0.690ஐக் கிப்சனின் 0.718 முந்தியது.

அந்த 1943ஆம் ஆண்டை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஆண்டின் தொடக்கத்தில் கிப்சன் நினைவிழந்து விழுந்தார். மூளையில் கட்டி என்றார்கள் மருத்துவர்கள். அறுவைச் சிகிச்சை வேண்டாம் என்று மறுத்துவிட்டு, தீராத தலைவலியோடு மைதானத்துக்குத் திரும்பியவர் அடித்ததுதான் அந்த 0.466. அதுவும் அவர் கேட்சர். நம்மூர் விக்கெட் கீப்பரைப் போல ஆட்டம் முழுக்கக் குந்தியிருந்து பந்து பிடிக்கிற, உடம்பை முறிக்கிற வேலை.

அப்படிப்பட்டவர் ஏன் 77 ஆண்டுகள் பட்டியலுக்கு வெளியே நின்றார்? 1880களின் கடைசியில் தொடங்கி 1947வரை கறுப்பர்களைப் பெரிய லீக்குகளில் சேர்க்கவில்லை. எழுதப்படாத ஒப்பந்தம், எழுதப்படாததால் மீற ஆளில்லை. 1920இல் ரூப் ஃபாஸ்டர் முன்னின்று கறுப்பர்களுக்கென ஒரு லீக் தொடங்கினார். அடுத்தடுத்து வேறு சில முளைத்தன. அவற்றுக்குப் பொதுப்பெயர் நீக்ரோ லீக். (இன்று யாரையும் அப்படி அழைத்தால் வசவு. ஆனால் அந்த லீக்குகள் தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர் என்பதால் அமெரிக்கர்களே மாற்றவில்லை. மொழிபெயர்ப்பவனும் கை வைக்கக் கூடாத இடம்.)

கிப்சன் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி பல ஆட்டங்களை வாஷிங்டனின் கிரிஃபித் மைதானத்தில் ஆடியது. மைதானம் வெள்ளையர் அணியான செனட்டர்ஸுக்குச் சொந்தம். உரிமையாளர் கறுப்பர் அணியிடம் வாடகை வாங்கிக்கொண்டார். ஆனால் 1954வரை தன் அணியில் ஒரு கறுப்பரைக்கூட ஆடவிடவில்லை. கிப்சன் இறந்து மூன்று மாதம்கூட ஆகாத 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். தடை உடைந்தது.

ஆனால் பதிவேட்டில் உடையவில்லை. எவை எவை 'பெரிய லீக்' என்று தீர்மானிக்க 1969இல் ஒரு குழு உட்கார்ந்தது. ஆறு லீக்குகளுக்கு அந்தஸ்து கொடுத்தது. 1884இல் ஒரே ஒரு பருவம் ஆடி மூடப்பட்ட யூனியன் அசோசியேஷனுக்கும் இடம் கிடைத்தது. 1890இல் ஒரே பருவம் நடந்த பிளேயர்ஸ் லீகுக்கும் கிடைத்தது. சுமார் 30 ஆண்டுகள் நடந்த கறுப்பர் லீக்குகளுக்குக் கிடைக்கவில்லை. தவறைத் திருத்த நிர்வாகத்துக்கு 2020 டிசம்பர்வரை ஆனது. 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பர் லீக்குகள் அன்று பெரிய லீக்குகள் ஆயின. எண்கள் பட்டியலில் ஏற மேலும் மூன்றரை ஆண்டு.

தாமதத்துக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. எண்களைத் தேட வேண்டியிருந்தது. வெள்ளையர் பத்திரிகைகள் இந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் போன்ற கறுப்பர் வார இதழ்கள்தான் ஸ்கோர் விவரங்களை வெளியிட்டன; அவையும் எல்லா ஆட்டத்துக்கும் அல்ல. மைக்ரோஃபிலிம் சுருள்களில் வருடக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தேடிய ஆர்வலர்கள் சிலரால்தான் இது சாத்தியமானது. அப்படியும் கிடைத்தது முக்கால் பங்கு.

முணுமுணுப்பு எழாமல் இல்லை. கறுப்பர் லீகில் பருவத்துக்கு அறுபது, எழுபது ஆட்டம்தானே? காப் 11,000 தடவைக்கு மேல் மட்டை பிடித்தவர். கிப்சனின் கணக்கோ இரண்டாயிரத்துச் சொச்சம்தானே? கேள்வி நியாயம்தான். ஆனால் கொரோனா காலத்தில், 2020இல், பெரிய லீக் அணிகளும் தலா 60 ஆட்டம்தான் ஆடின. அந்த ஆண்டின் பட்டங்களை யாரும் பறிக்கவில்லை. எதிராளிகள் தரமானவர்களா என்று கேட்பவர்கள், நாட்டின் சிறந்த கறுப்புப் பந்து வீச்சாளர்களை லீக் ஆட்டத்தில் ஒருமுறையும் சந்திக்காமலேயே காப்பும் ரூத்தும் எண்களைக் குவித்ததையும் யோசிக்க வேண்டும்.

அதோடு, காப்பின் எண்ணே கறைபடாதது இல்லை. அவர் 4,191 ஹிட் அடித்தார் என்பது நிர்வாகத்தின் கணக்கு. 1910இல் ஒரு ஆட்டத்தை இரண்டு முறை பதிந்துவிட்டார்கள், சரியான எண் 4,189 என்று 1981இல் வெளியானது. நிர்வாகம் மாற்ற மறுத்தது. 1985 செப்டம்பர் 11 அன்று பீட் ரோஸ் 4,192ஆவது ஹிட்டை அடித்தபோது மைதானமே எழுந்து கைதட்டியது. ஆய்வாளர்களின் கணக்குப்படி அவர் காப்பை மூன்று நாள் முன்பே தாண்டிவிட்டிருந்தார். பழக்கப்பட்ட எண்ணுக்குத் தவறாக இருக்கவும் உரிமை உண்டு போலும்!

என் கண்ணுக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது வேறொன்று. 1972இல் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் கிப்சனுக்குப் பதித்த பட்டயம், அவர் ஏறக்குறைய 800 ஹோம் ரன்கள் அடித்ததாகச் சொல்கிறது. (மைதானத்தின் வேலியைத் தாண்டும் அடி, நம் சிக்ஸர் மாதிரி.) ரூத் அடித்தது 714. புதிய அதிகாரபூர்வப் பட்டியலில் கிப்சனின் ஹோம் ரன்கள் 200ஐக்கூட எட்டவில்லை. மற்றவை எங்கே போயின? லீக் ஆட்டங்களின் வருமானம் கறுப்பர் அணிகளுக்கு வயிற்றுக்குப் போதவில்லை. பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் உள்ளூர் அணிகளோடும், ஆலை அணிகளோடும், யார் கூப்பிட்டாலும் ஆடினார்கள். லீக் ஆட்டங்களைவிட இவைதான் அதிகம். இவை 'கண்காட்சி ஆட்டங்கள்' என்பதால் சேரவில்லை. விதி எல்லோருக்கும் பொது, ரூத்தின் கண்காட்சி ஆட்டங்களையும் சேர்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் ரூத் பருவத்துக்கு 154 லீக் ஆட்டம் ஆட வாய்ப்புப் பெற்றவர். பெரிய லீகின் கதவு அடைத்திருந்ததால்தான் கிப்சன் வெளியே ஆடினார்; வெளியே ஆடியதால் அது எண்ணிக்கையில் வரவில்லை. சராசரியில் முதலிடம் கொடுத்த அதே பதிவேடு ஹோம் ரன்களில் அவரை வரிசையின் பின்னால் அனுப்பிவிட்டது.

கோட்டுக்கு வெளியே நின்றவர்கள் இன்னும் உண்டு. ரூத்தின் 714ஐ 1974 ஏப்ரல் 8 அன்று அட்லாண்டாவில் தாண்டிய ஹாங்க் ஆரன், 1952இல் இண்டியானாபொலிஸ் க்ளவுன்ஸ் என்ற கறுப்பர் அணியில்தான் தொடங்கினார். எல்லைக்கோடு 1948 என்பதால் அங்கே அடித்தவை எதுவும் அவருடைய 755இல் இல்லை. வெள்ளையர் சாதனையைத் தொடுகிறான் என்று கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்த வேளையில் அவர் அடித்த அடி அது. அன்று மைதானத்துக்கு பேஸ்பால் கமிஷனர் வரவில்லை. தன் சார்பில் அனுப்பி வைத்தவர் மான்டி இர்வின், அவரும் பழைய கறுப்பர் லீக் ஆட்டக்காரர்.

சாச்செல் பெய்ஜின் கதை கொஞ்சம் ஆறுதல். கறுப்பர் லீக்குகளின் தலைசிறந்த பந்து வீச்சாளர். கிளீவ்லாந்து அணி 1948இல் அவரைச் சேர்த்தபோது வயது 42. 1965இல், 59 வயதில், கான்சாஸ் சிட்டி அணிக்காக மூன்று இன்னிங்ஸ் வீசி ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. முன்பு பதிவேட்டில் அவர் பெயரில் இருந்த வெற்றிகள் 28. இப்போது அது நூற்றைத் தாண்டிவிட்டது.

கிடைக்காத அந்தக் கால் பங்கு இன்னும் எங்கோ பழைய செய்தித்தாள் கட்டுகளில் கிடக்கிறது. தேடுபவர்கள் நிறுத்தவில்லை. ஒவ்வோர் ஆட்டம் அகப்படும்போதும் கிப்சனின் சராசரி ஒரு புள்ளி ஏறலாம், இறங்கலாம். பிட்ஸ்பர்க் அலெகெனி கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்த இடத்தில் 1975வரை பெயர் பொறித்த கல்கூட இல்லை. இப்போது இருக்கிறது. அதில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் மட்டுமே எண்கள்.