விட்டு விட்டு வரும் கியர் கோளாறு

பகாவ், ரொம்பின் தோட்டங்களில் இருந்து சிரம்பானுக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் பலர் முதலில் வாங்குவது பழைய கார்தான். "அண்ணே, ஆட்டோ கியர் சில நேரம் பிடிக்க மாட்டேங்குது. இங்க வந்தா நல்லா ஓடுது!" என்று என் பட்டறைக்கு வந்து சொல்வார்கள்.

கோலப்பிலாவைத் தாண்டி புக்கிட் புத்துஸ் ஏற்றத்தில் கியர் எண்ணெய் நன்றாகச் சூடேறியிருக்கும். பட்டறை வாசலில் நிற்கும்போது ஆறிவிடும். சூட்டில் வரும் கோளாறு ஆறிய காரில் தெரியாது.

ஆகவே ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம் ஓடிய பிறகு? ஏற்றத்திலா, மழைக்குப் பின்னா? இன்ஜின் இரைந்தும் வேகம் ஏறவில்லையா, கியர் மாறும்போது உதைத்ததா? எல்லாவற்றையும் எழுதுங்கள்.

சூட்டில் மட்டும் வழுக்கினால் முதலில் எண்ணெயின் அளவையும் வாடையையும் பார்க்கச் சொல்லுங்கள். கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கலாம். மழையிலும் மேடுபள்ளத்திலும் மட்டும் வந்தால், வயர் இணைப்பையும் பேட்டரி எர்த்தையும் சந்தேகப்படுங்கள். செம்மண் சாலையில் ஓடும் காரில் அங்கே ஈரமும் சேறும் ஏறும்.

ஸ்கேனரில் பி0700 வந்தால், கியர்பாக்ஸ் கணினியில் வேறு குறியீடு பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். அதையும் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் அழிக்க விடாதீர்கள்.

அரை மணி நேரம் ஓட்டி, சூட்டோடு மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டுங்கள். அதற்கு முன் 'கியர்பாக்ஸை மாற்றணும்' என்றால் தலையாட்டாதீர்கள். ஒரு வயர் கோளாறுக்குப் பல மாதக் கார் தவணைப் பணத்தைக் கொட்ட வேண்டாம்.