சத்ரியாவுக்கு ஏன் வாரிசில்லை?

2002இல் மலேசியர் கரம்ஜிட் சிங் புரோட்டோன் காரோட்டி உலக ரேலியின் உற்பத்திக் கார் பிரிவுப் பட்டத்தை வென்றார். புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டத்துப் பையன்களுக்கு அப்போது புரோட்டோனின் சத்ரியா ஜிடிஐ என்றால் உயிர். 1.8 லிட்டர் மிட்சுபிஷி இன்ஜின், லோட்டஸ் செம்மைப்படுத்திய சஸ்பென்ஷன். வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு போகும். அதே பையன்கள் இன்று பெரோடுவா மைவி வாங்குகிறார்கள். அவர்களுக்கு வேக ஆசை வற்றிவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன்.

காரணம் வேறு. வீட்டுக்கு ஒரே கார், ஒன்பது வருடத் தவணை. விடியலில் ரவாங் வேலைக்கும் அதுதான், அம்மாவைத் தஞ்சோங் காராங் மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் அதுதான். சாலை வரியும் 1600 சிசி வரை அதிகபட்சம் 90 ரிங்கிட், தாண்டினால் 200க்கு மேல். இதையெல்லாம்கூடச் சமாளிப்பார்கள். உதிரிபாகம் கிடைக்குமா என்ற பயம்தான் ஆளை விரட்டுகிறது. 2006இல் வந்த சத்ரியா நியோவுக்குப் பின் அந்த வரிசையே அறுந்தது. 2017இல் புரோட்டோனிடம் இருந்த லோட்டஸும் சீனாவின் ஜீலி வசம் போனது. வாரிசில்லாத காரை நம்பி யார் கடன் வாங்குவார்?

புரோட்டோன்காரர்களே, உங்கள் எக்ஸ்50இன் 1.5 லிட்டர் டர்போ இன்ஜின் 1600 சிசிக்குள்தான் அடங்குகிறது. அதைச் சிறிய காரில் பொருத்தி, பத்தாண்டு உதிரிபாகத்துக்கு எழுத்தில் உறுதி கொடுங்கள். முன்பணத்தோடு முதல் ஆளாக வருகிறேன்.