புதுச் செயின் போட்டும் நழுவுகிறதா? பல்லைப் பாருங்கள்!

‘‘மகள் ஆரோவில்லுக்கு வேலைக்குப் போய்வர, பழைய மவுன்டன் பைக் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். தினமும் செம்மண் பாதையில்தான் ஓட்டம். ஒரே வருடத்தில் செயின் தேய்ந்துவிட்டதால், புதுச் செயின் மாற்றினோம். அதன் பிறகும் அழுத்தி மிதித்தால் ‘டக்’கென்று நழுவுகிறது. போன வாரம் கீழே விழுந்து முழங்காலில் அடி. இதை விற்றுவிட்டு, சாதாரண சைக்கிள் வாங்கிவிடலாமா?’’

- வாசகர், வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

விற்க வேண்டியதில்லை. ஆனால், பழுது பார்க்கும்வரை மகளை அந்த சைக்கிளில் அனுப்ப வேண்டாம். மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் நழுவினால், மொத்த எடையும் ஒரே பக்கம் சாய்ந்து ஆளைத் தள்ளிவிடும்.

கோளாறு புதுச் செயினில் இல்லை. பின்சக்கர ஃப்ரீவீலின் பற்களில் இருக்கிறது. செயின் தேயும்போது கண்ணிகளுக்கு இடையிலான தூரம் கூடும். அந்தத் தூரத்துக்கு ஏற்றபடி பற்களும் தேய்ந்துவிடும். தேய்ந்த பல்லில் தேய்ந்த செயின் ஓடும். புதுச் செயின் உட்காராது. அதனால் ஃப்ரீவீலையும் மாற்ற வேண்டும். பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தின் பற்கள் சுறாமீன் துடுப்புபோல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், அதையும் மாற்றிவிடுவது நல்லது. ஃப்ரீவீலைக் கழற்றத் தனிச் சாவி வேண்டும். சுத்தியல், உளி வைத்துத் தட்டுபவரிடம் கொடுக்க வேண்டாம். கியர் சைக்கிள் பார்க்கும் பட்டறைக்குப் போவதே நல்லது.

1968-ம் ஆண்டு ஆரோவில் தொடங்கியபோது, அந்த இடம் மழையில் அரித்துப்போன செம்மண் மேடு. இன்று மரங்கள் வளர்ந்து காடாகிவிட்டாலும், உள்பாதைகள் பலவும் செம்மண்தான். அகலமான டயர் கொண்ட மவுன்டன் பைக் அந்தப் பாதைக்கு ஏற்ற வண்டி. ஆனால், அதே செம்மண்தான் செயினுக்கு எமன். பொடி மண் எண்ணெயில் ஒட்டி, உப்புத்தாள்போல இரும்பை அரைத்துவிடும். அதனால் அழுக்குச் செயின்மேலேயே எண்ணெய் ஊற்றுவது, மண்ணை உள்ளே அனுப்புவதற்குச் சமம்.

வாரம் ஒருமுறை, காய்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றித் துடைக்க வேண்டும். அழுக்கு அதிகமிருந்தால், மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் எண்ணெய். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும். வண்டியில் வடித்த பழைய இன்ஜின் ஆயில் வேண்டாம். அதில் கரியும் இரும்புத் துகளும் இருக்கும். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும்.

மாதம் ஒருமுறை, தச்சர் டேப்பால் செயினை அளந்து பார்க்கலாம். டேப்பின் நுனியில் வைக்காமல், 1 அங்குலக் கோட்டை ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 கண்ணிகள் எண்ண வேண்டும். புதுச் செயினில் 13-வது அங்குலத்தில் பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி நின்றால், செயினை மட்டும் மாற்றினால் போதும். மூன்று மில்லிமீட்டர் தள்ளிவிட்டால், பற்களும் போயிருக்கும். இந்த அளவைக் கவனிக்காமல் விட்டதுதான் இப்போது ஃப்ரீவீல் செலவாக வந்து நிற்கிறது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரேக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், கட்டையில் ஒட்டிய செம்மண் ரிம்மையே அறுக்கும். கட்டையிலுள்ள கோடுகள் மறையும் முன்பே மாற்ற வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால், தட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காது. சேறு படிந்தால் வாளித் தண்ணீரும் துணியும் போதும். பம்ப்செட் குழாயை நேராகப் பீய்ச்சினால், தண்ணீர் பால்ரஸுக்குள் போய் கிரீஸைக் கழுவிவிடும்.

பால் கேனும் புல்லுக்கட்டும் ஏற்ற வேண்டுமென்றால், கேரியர் பூட்டிய சாதாரண சைக்கிள்தான் சரி. ஆள் மட்டும் மண் பாதையில் போய்வர, இந்த வண்டியே போதும். ஃப்ரீவீலை மாற்றிய பிறகு, மகளையே செயினைத் துடைக்கவும் அளக்கவும் பழக்கிவிடுங்கள். வழியில் சைக்கிள் கோளாறு தந்தால், முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் ஓட்டுபவர்தானே!