பிள்ளை கேமரா கேட்டால்...



ப்ளஸ் டூ முடித்த மகளோ மகனோ, "நான் பிரஸ் போட்டோகிராபர் ஆகப்போறேன்" என்றால் நம் வீடுகளில் முதலில் என்ன கேட்போம்? "அதுல என்ன வருமானம் வரும்?" என்றுதானே?

நியாயமான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன்: ஆரம்பத்தில் பெரிதாக ஒன்றும் வராது. பத்திரிகைகளில் மாதச் சம்பள வேலைகள் குறைந்துவிட்டன. வெளியிலிருந்து படம் தருபவருக்குக் கிடைக்கும் தொகை பல நேரம் பெட்ரோலுக்கே சரியாகப் போகும் (ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்!). அதனால் முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் செய்தி என்று ஓடுகிறவர்கள் அநேகர். அதில் என்ன குறைச்சல்? அத்தனை கூட்டத்திலும் தாலி கட்டும் நொடியைத் தவறவிடாதவருக்குச் செய்திப் படத்தின் கைப்பழக்கம் பாதி வந்துவிட்டது.

பெயரும் சீக்கிரம் வராது. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பத்ம விபூஷண் கிடைத்த 2011-இல் அவருக்கு வயது 97.

பிறகு எதை நம்பிப் பிள்ளையை அனுப்புவது?

மதுரைக்காரர் எம். பழனிகுமாரைப் பாருங்கள். அம்மா மீன் வியாபாரி. மகன் படித்தது இன்ஜினீயரிங். முதல் கேமரா கடனில் வந்தது. அந்த வீட்டில் அது எவ்வளவு பெரிய முடிவு என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தூய்மைப் பணியாளர்களையும், சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பங்களையும் அவர் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து படமெடுத்தார். 2017-இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவில் அவர் பங்கு உண்டு. 2022-இல் தயாநிதா சிங் - பாரி (கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகம்) ஆவணப் புகைப்பட விருது பெற்றார். மீன் விற்கும் அம்மாவையும் படமெடுத்து எழுதியிருக்கிறார். சாக்கடைக்குள் இறந்தவரின் இழவு வீட்டுக்குள் ஒரு கேமராவை யார் சுலபத்தில் விடுவார்கள்? ஒரே நாளில் போய்விட்டு வருகிறவருக்கு அந்தக் கதவு திறக்காது.

ஆகவே பெற்றோர்களே, லென்ஸ் விலையைக் கேட்டு மலைப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கையில் இருக்கும் மொபைல் போதும். உங்கள் தெருவில் இட்லிக் கடை போடும் அக்காவோ, இஸ்திரி வண்டிக்காரரோ, யாராவது ஒருவரை ஒரு மாதம் படமெடுக்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். அனுமதி கேட்டு எடுத்ததா, பெயரும் ஊரும் தேதியும் குறித்துக்கொண்டு வந்ததா, எடுத்ததை அவரிடமே கொண்டுபோய்க் காட்டியதா என்று மட்டும் கவனியுங்கள்.

முதல் வாரத்திலேயே சலித்துவிட்டால் லோன் மிச்சம். மாதம் முடிந்தும் அந்தக் கடைப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தால், ஈஎம்ஐ கணக்குப் போட உட்காருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்