பெயர் இங்கே, பிள்ளை எங்கே?

முதலாமாண்டு மாணவர்களிடம், தாம் முதன்முதலில் எழுதப் பழகிய நாளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்வது நம் வழக்கம். பென்னாகரம் பக்கத்து மாணவி ஒருவர் எழுதியிருந்தது இன்னும் நெஞ்சை விட்டு அகலவில்லை. ஊர்ப் பால்வாடிப் பதிவேட்டில் அவர் பெயர் இருந்ததாம். அவரோ, பெற்றோர் சித்தாள் வேலை செய்த பெங்களூர்க் கட்டடத்தின் மணற்குவியலில் விளையாடிக்கொண்டிருந்தார். ஆறு வயதில் பாட்டியிடம் கொண்டுவந்து விடப்பட்ட பிறகே கையில் பலப்பம் பிடித்தார்.

வானம் பார்த்த பூமியான தருமபுரியில் இது ஒரு வீட்டுக் கதையன்று. மழை பொய்த்தால் குடும்பங்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றன. பொங்கலுக்குத் திரும்பி, மறுபடியும் புறப்படுகின்றன.

1975 அக்டோபர் 2 அன்று நாடெங்கும் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தையோ, 1982இல் தமிழகம் கண்ட சத்துணவுத் திட்டத்தையோ குறைத்து மதிப்பிடுவது நம் நோக்கமன்று. ஏழைக் குழந்தையின் வயிற்றை அரசின் பொறுப்பாக்கியவை அவை. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு அங்கன்வாடி கேட்டால் மூன்று மாதங்களுக்குள் தர வேண்டும் என்று ஆணையிட்டது. ஆயினும் இந்த ஏற்பாடுகள் யாவும் குடும்பம் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தவை. நம் மாவட்டத்தில் அந்த நம்பிக்கை ஆண்டுதோறும் பேருந்து ஏறிப் போய்விடுகிறது.

இடையில் அகப்பட்டுக்கொள்பவர் அங்கன்வாடிப் பணியாளர். பெயரை நீக்கினால் எண்ணிக்கை குறையும்; நீக்காவிட்டால் பதிவேடு பொய் சொல்லும். குறைந்த ஊதியத்தில் உழைக்கும் அவரைக் குற்றவாளியாக்கிப் பயனில்லை.

2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் பெயரை வேறு மையத்துக்கு மாற்றலாமே என்பர் சிலர். மாற்றலாம்தான். ஆனால் மறுமுனையில் பிள்ளையை ஏற்க ஒரு மையம் வேண்டுமே! ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் கட்டுமானத் தலத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. மேஸ்திரிகளின் கீழ் பத்துப் பத்துப் பேராகப் பிரிந்து நிற்பவர்களை ஐம்பதாகக் கூட்டிப் பார்ப்பவர் யார்? இது முடியாத காரியமும் அன்று. 1969இலேயே தில்லியில் மீரா மகாதேவன் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென வேலைத்தலத்திலேயே காப்பகம் தொடங்கிக் காட்டினார். மொபைல் கிரெஷஸ் என்னும் அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

நாம் வேண்டுவன இரண்டே. பருவந்தோறும் இடம்பெயரும் பிள்ளை எந்த ஊர் மையத்தின் வாசலில் வந்து நின்றாலும், சான்றிதழ் கேட்காமல் அன்றே சேர்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளை ஊரில் இல்லாத மாதங்களைக் காரணம் காட்டிச் சொந்த ஊர் மையத்தின் இருப்புக்கு ஊறு செய்யக் கூடாது. இதற்குத் தமிழகமும் கர்நாடகமும் அமர்ந்து பேச வேண்டும். காவிரி நீருக்காகப் பேசும் அளவுக்கு வேண்டாம். அதில் நூற்றில் ஒரு பங்கு அக்கறை போதும்.

அம்மாணவியின் தம்பி இப்போது பெற்றோருடன் பெங்களூரில் இருக்கிறானாம். வயது நான்கு. பெயர் ஊர்ப் பதிவேட்டில் இருக்கிறது.