வாயும் செவியும்



பங்கு அலுவலகத்தின் மூலையில், துணி போர்த்தியபடி ஒரு பழைய கணிப்பொறி இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். 'விண்டோஸ் 95' காலத்துப் பெட்டி அது. "சாமி, இதைப் பழைய இரும்புக்குப் போட்டால் என்ன?" என்று நம்மிடம் கேட்டோரும் உண்டு. போடாமல் விட்டது எவ்வளவு நல்லதாயிற்று என்பதை இம்மாதம் எடுத்துரைக்க விழைகிறோம்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்ததைப் பண்ருட்டி மக்கள் மறக்கவியலாது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அன்று அலுவலகக் கூரை ஒழுகி, ஞானஸ்நானப் பதிவேடு ஒன்று நனைந்துபோயிற்று. உலர்த்தி எடுத்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வலிந்து பிரித்தால் கிழியும் என்றஞ்சி, அதனை அப்படியே மூடி வைத்தோம்.

அண்மையில், வெளியூரில் பணிபுரியும் நம் பங்குப் பெண் ஒருத்தியின் மடல் வந்தது. அவளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும். தாயும் தந்தையும் காலமாகிவிட்டனர். ஞானஸ்நானம் பெற்ற நாளைச் சொல்வார் எவருமில்லை. அவள் அறிந்தது தான் பிறந்த ஆண்டு 1995 என்பது மட்டுமே. அவ்வாண்டின் ஏடோ, நனைந்த அந்த ஏடு. எந்தத் தாளைப் பிரிப்பது?

அப்போதுதான் பழைய பெட்டி நினைவுக்கு வந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவிட்டு, பெயர், பெற்றோர், ஏடு, பக்கம் என்று பட்டியலிட்டு அதில் பதிந்து வைத்திருந்தார். பெட்டியை இயக்கினோம். முனகியது, மும்முறை நின்றது, நான்காம் முறை விழித்தது. அப்பெண்ணின் பெயரும் பக்க எண்ணும் கிடைத்தன. முதல் வேலையாக அதனைத் தாளில் எழுதிக்கொண்டோம்.

ஆயினும் கவலை தீரவில்லை. மறுநாள் அது விழிக்காவிடில், ஏனைய பெயர்களின் கதி யாது? பிளாப்பி செருகும் பகுதி பழுதாகியிருந்தது. பென் டிரைவைப் பற்றி அப்பெட்டி அறியாது. கணிப்பொறி பழுது பார்க்கும் பங்கு இளைஞர் ஒருவரை அழைத்தோம். அவர் தம் கடையிலிருந்து 'விண்டோஸ் எக்ஸ்பி' உள்ள மற்றொரு பழைய பெட்டியைக் கொணர்ந்தார். "இது நடுவாள், சாமி. பழையதிடம் கேட்டு வாங்கும், புதியதிடம் கொடுக்கும்" என்றார்.

இரண்டின் பின்புறத்திலும் ஒன்பது முள் கொண்ட சீரியல் போர்ட் இருந்தது. மூன்றே கம்பிகளைப் பற்றவைத்து ஓர் இணைப்புக் கேபிளை அவர் ஆக்கினார். அதில் ஒரு நுட்பம் உண்டு. 2ஆம் முள் கேட்பது. 3ஆம் முள் பேசுவது. 5ஆம் முள் இருவருக்கும் பொதுவான தரை. நேருக்கு நேர் இணைத்தால் ஒன்றின் வாய் மற்றதன் வாயோடு சேரும். இரண்டும் பேசும், எதுவும் கேளாது. எனவே ஒன்றின் 3ஐ மற்றதன் 2ஓடு குறுக்காக மாற்றிப் பற்றவைத்தார். இதனை 'நல் மோடம்' கேபிள் என்பர்.

பெட்டிகளை அணைத்துவிட்டு, கேபிளைச் செருகி, மீண்டும் இயக்கி, இரண்டிலும் இருந்த 'ஹைப்பர்டெர்மினல்' நிரலைத் திறந்தார். அசைவில்லை. "தம்பி, கம்பி சரிதானா?" என்று கேட்டோம். கம்பி சரியே, மூன்று கம்பியில் வாராத ஓர் அனுமதிக் குறிப்புக்காகப் பழைய பெட்டி காத்திருந்தது. அந்த அமைப்பை நீக்கியதும் கோப்பு நகரத் தொடங்கிற்று.

1977இல் வார்டு கிறிஸ்டென்சன் என்னும் அமெரிக்கர் 'எக்ஸ்மோடம்' என்ற ஒழுங்கை வகுத்தார். கோப்பை 128 எழுத்துக்கள் கொண்ட கட்டுகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கூட்டுத்தொகையை அனுப்புவது அம்முறை. பெறுவது அதனைச் சரிபார்த்து, "வந்தது" அல்லது "மறுபடி சொல்" என்று விடையளிக்கும். பின்னர் வந்த 'ஸீமோடம்' ஒவ்வொரு கட்டுக்கும் நின்று காத்திராது. தவறு நேர்ந்த இடத்திற்கு மட்டும் திரும்பிச் செல்லும். நாம் கையாண்டது இதையே. 3 மெகாபைட் கோப்புகள், நொடிக்கு 38,400 பிட் வேகத்தில் 14 நிமிடங்களில் வந்திருக்க வேண்டும். இடையே சில கட்டுகள் பிசகியதால் 20 நிமிடங்கள் ஆயின.

திறந்து பார்த்தால் ஒரு தமிழ் எழுத்துமில்லை. புரியாத குறிகளே நிரம்பியிருந்தன! ஒருங்குறி பரவுவதற்கு முன், ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டைக் கொண்டிருந்தது. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடியது. நம் ஆசிரியர் கையாண்ட எழுத்துருக் கோப்பையும் அதே கம்பி வழியே அழைத்து வந்த பிறகே பெயர்கள் முகம் காட்டின. பின்னர் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றி, இரண்டு இடங்களில் படியெடுத்து, வரிகளை எண்ணிச் சரிபார்த்தோம்.

நனைந்த ஏட்டில் குறித்த அந்த ஒரு தாளை மட்டும், எலும்புக் கத்தி கொண்டு ஒரு முழு மாலைப்பொழுது மெல்லப் பிரித்தோம். ஓரம் சிறிது கிழிந்தது, எழுத்து பிழைத்தது. சான்றிதழ் சென்று சேர்ந்தது.

திருமணங்களைப் பதிவேட்டில் எழுதிக் காக்குமாறு 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம் பங்குக் குருக்களைப் பணித்தது. பழைய ஏடுகளைக் கவனமாகப் பேண வேண்டுமென 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535ஆம் சட்டமும் கூறுகிறது. ஏட்டைக் காப்பது நம் கடமை. அதன் பட்டியலைக் காப்பதும் அதனுள் அடங்கியதே என்பதைத் தாமதமாகக் கற்றோம். உங்கள் இல்லத்திலும் பழைய பெட்டியில் பாட்டியின் குரலோ, திருமணப் படங்களோ உறங்கக்கூடும். அது விழிக்கும் நாளிலேயே படியெடுத்து, திறந்தும் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் அக்கம்பியிடம் கற்றோம். நம் இல்லங்களில் எத்தனை மாலைகளில் வாயோடு வாயே இணைக்கப்பட்டிருக்கிறது! ஒருவர் பேசும்போது மற்றவர் செவியாகி, "கேட்டேன்" என்றோ "மறுபடி சொல்" என்றோ விடையளித்தால், பாதி வழக்குகள் நம் அலுவலகப் படியேறா.