வேகம் என்றால் எந்த வேகம்?



பாளையம்பட்டியில் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். ஞாயிறுதோறும் நான் காதுகுத்து, கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்கிறேன். பக்கத்துத் தெரு அண்ணனுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப்தான் என் மூலதனம். வேலைக்குப் போனதும் எனக்கே தந்துவிட்டார்.

எடிட் முடிந்த வீடியோவைச் சுருக்கும் வேலைக்குப் பெயர் என்கோடிங். வினாடிக்கு 25 படம் என்றால் 10 நிமிடத்துக்கு 15,000 படங்கள்! ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்குக்கு மூலம் 1974-ல் வெளிவந்த டி.சி.டி. என்ற முறை. அதைத் தந்த மூவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ். நமக்குப் பெருமைதானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் லேப்டாப்பில் 10 நிமிட வீடியோவுக்கு 26 நிமிடம் ஆகும். ஒரு கடையில் புது மாடல் அதே அளவு வீடியோவை 4 நிமிடத்தில் முடித்தது. "ஆறு மடங்கு வேகம் தம்பி!" என்றார் கடைக்காரர். வீட்டில் வந்து சொன்னேன். அம்மா பேசாமல் காதுத் தோட்டைக் கழற்றினார், அடகு வைக்க.

அப்பா மட்டும் கேட்டார்: "ரெண்டு தறியிலயும் ஒரே நூலாடா ஓடுச்சு? ஒண்ணுல நாப்பதாம் நம்பரு, இன்னொண்ணுல எம்பதாம் நம்பரு ஓட்டிட்டு எது வேகம்னு கேட்டா என்னடா அர்த்தம்?"

என்னிடம் பதில் இல்லை. மறுவாரம் என் வீடியோவையே பென் டிரைவில் கொண்டுபோனேன். அப்போதுதான் புரிந்தது. கடையில் ஓடியது கிராஃபிக்ஸ் சிப்பிலேயே இருக்கும் தனி என்கோடர். வேகம் உண்டு, ஆனால் சாம்பிராணிப் புகை வரும் இடமெல்லாம் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நான் வீட்டில் ஓட்டுவது எக்ஸ்264, 'மீடியம்' செட்டிங், தர எண் 23. அதையே அங்கேயும் ஓட்டச் சொன்னேன். 9 நிமிடம்! ஆறு மடங்கு மூன்று மடங்காக இறங்கிவிட்டது. 'அல்ட்ராஃபாஸ்ட்' வைத்தால் என் கிழட்டு லேப்டாப்பே 6 நிமிடத்தில் முடிக்கிறது, ஃபைல்தான் பெருத்துவிடுகிறது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. நான்தான் கேட்கத் தெரியாமல் நின்றேன். இரவு ஓடவிட்டுப் படுத்தால் விடிவதற்குள் முடியும் வேலைக்கு இப்போது கடன் எதற்கு? தோடு அம்மா காதிலேயே இருக்கிறது.

தோழர்களே, லேபில் ஒரு ரீடிங் எடுத்தால் எந்த நிலையில் எடுத்தோம் என்று ரெக்கார்டில் எழுதுகிறோம். கடை வாசலில் மட்டும் அதை ஏன் மறக்கிறோம்? ஒரே வீடியோவா, ஒரே சாஃப்ட்வேரா, ஒரே செட்டிங்கா, தரம் எப்படி, ஃபைல் எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் லேப்டாப் சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். 10 நிமிட வீடியோ ஒன்றை லேபில் பொதுவாக வையுங்கள். யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதை ஓட்டி, செட்டிங்கையும் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைகளின் வீட்டிலும் யாராவது தோட்டைக் கழற்றத் தயாராக இருப்பார்கள். அதற்கு முன் அந்த நோட்டை அவர்கள் ஒருமுறை புரட்டட்டும்!